இறக்கி வைக்க ஓர் இடம்

தாங்கும் தூரம் – 9

எங்கள் ஊருக்குத் திரும்பும் வண்டிப்பாதையோரம் ஒரு சுமைதாங்கி உண்டு. நட்டுவைத்த இரண்டு கற்கள். அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும் ஒரு பலகைக்கல். ஏறக்குறைய ஓர் ஆளின் தோளுயரம். சந்தைக்கு மூட்டை சுமந்தவர்களும் காட்டிலிருந்து விறகு கொண்டுவந்தவர்களும் அதை ஒட்டி வந்து நின்று கழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பார்கள். தலைப்பாரம் கல்லுக்கு மாறிவிடும். சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைத்து, ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்தால் பாரம் ஏறிக்கொள்ளும். தரையில் இறக்கியிருந்தால் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் அந்த இன்னொருவராக நின்றது கல்.

சிறுவயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்காக அப்பாயியிடம் அடி வாங்கியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக நட்ட கல் அது என்று அவர்தான் சொன்னார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுமைதாங்கிகள் இப்படி வந்தவைதான். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்ச் சேர்ந்தாள் ஒருத்தி. அவள் பெயரால் வருகிறவர் போகிறவர் எல்லாம் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று ஒரு குடும்பம் நினைத்திருக்கிறது. எத்தனை பெரிய மனசு!

உடல் எவ்வளவு தாங்கும், மனம் எவ்வளவு தாங்கும் என்று எட்டு வாரங்களாகப் பார்த்து வருகிறோம். இந்த வாரம் அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி. நெடுந்தூரம் தாங்கிப் போனவர்கள் எல்லாரும் எங்கே இறக்கி வைத்தார்கள்? இதற்குப் பதில் தேடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ்.

நூற்றுக்குப் பதினைந்து, நூற்றுக்கு ஐம்பது

டெர்ரி 1958 ஜூலை 28 அன்று வின்னிபெக் நகரில் பிறந்தவர். வளர்ந்தது மேற்குக் கடற்கரை மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில். கூடைப்பந்து என்றால் உயிர். எட்டாம் வகுப்பில் அவர் உயரம் ஐந்தடி. கூடைப்பந்தை விட்டுவிட்டு நெடுந்தூர ஓட்டம் பழகு என்றார் பயிற்சியாளர். டெர்ரி ஓட்டத்தையும் பழகினார்; கூடைப்பந்தையும் விடவில்லை. கல்லூரி அணி வரைக்கும் போனார்.

1977 மார்ச் மாதம் வலது முழங்காலில் பொறுக்க முடியாத வலி. எலும்புப் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் அளவில் காலை எடுத்தார்கள். அப்போது வயது 18. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஒரு காலை இழந்த டிக் டிராம் என்பவர் செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய செய்தி அதில் இருந்தது.

பிறகு 16 மாதங்கள் மருந்துச் சிகிச்சை. முடி கொட்டியது, வாந்தி ஓயவில்லை. அந்த வார்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் துடிப்பதைப் பார்த்தார். சில கட்டில்கள் காலியாவதையும் பார்த்தார். இந்த நோயில் பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு, இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான் என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். இடையிலிருந்த முப்பத்தைந்தைக் கொடுத்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். கனடாவின் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை ஓடி அந்தப் பணத்தைத் திரட்டுவது என்று தீர்மானித்தார். வீட்டில் மட்டும், மாரத்தான் ஓடப் பழகுகிறேன் என்று சொல்லிவைத்தார்.

14 மாதப் பயிற்சி, 5,000 கிலோமீட்டருக்கு மேல். செயற்கைக் காலை வீசி முன்னே கொண்டுவரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை நல்ல கால் ஒரு தடவை கூடுதலாகத் தத்த வேண்டும். ஓர் எட்டு, ஒரு தத்தல், பிறகு செயற்கைக் கால் தரையில் விழும் சத்தம். மிச்சக் கால் செயற்கைக் காலின் குழிக்குள் உரசி உரசிக் கொப்புளம் கட்டும், ரத்தம் வடியும். ஒவ்வொரு நாளும் ஓடத் தொடங்கி ஏறக்குறைய 20 நிமிடம் வரை வலி உயிர் போகும், அதைக் கடந்தால் ஓட்டம் கொஞ்சம் இலகுவாகும் என்று கண்டுகொண்டார். தினமும் அந்த இருபது நிமிட வாசலைத் தாண்டித்தான் உள்ளே போனார். 1979இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் ஒரு நெடுந்தூரப் பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் முடித்தவர் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் முழுத் திட்டத்தையும் சொன்னார். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. எந்தத் தாய் சம்மதிப்பாள்?

ஒரு மைல் தூரத்தில் ஒரு வேன்

1980 ஏப்ரல் 12. கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரம். செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்தார். இரண்டு போத்தல்களில் கடல்நீரை மொண்டுகொண்டார். ஒன்று நினைவுக்கு, இன்னொன்று பசிபிக் கடலில் ஊற்ற. பிறகு ஓடத் தொடங்கினார். தினமும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான். மறுநாள் காலை இன்னொன்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலைத்தான் காட்டுவார்கள். நான் காட்ட நினைப்பது அந்த வேனை.

பள்ளித் தோழன் டக் ஆல்வர்ட் ஒரு ஃபோர்டு வேனை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஒரு மைல் முன்னால் போய் நிறுத்திக்கொள்வார். டெர்ரி ஓடி வந்து சேர்வார்; தண்ணீர் குடிப்பார்; மூச்சு வாங்குவார். வேன் இன்னொரு மைல் நகரும். ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை. எட்டாயிரம் கிலோமீட்டரை மனதில் சுமந்துகொண்டு யாரும் ஓட முடியாது. டெர்ரி சுமந்தது ஒரு மைலைத்தான். சில நேரம் அதுவும் இல்லை. அந்தப் பலகை வரைக்கும், அந்தத் திருப்பம் வரைக்கும். எப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கமும் இதுதான்.

தினமும் ஒரே முகம், ஒரே வேன், ஒரே சமையல், ஒரே களைப்பு. நோவா ஸ்கோஷியா மாநிலத்துக்குப் போவதற்குள் நண்பர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. குடும்பம் யோசித்து, டெர்ரியின் 17 வயதுத் தம்பி டாரலை அனுப்பிவைத்தது. நடுவில் தம்பி வந்ததும் வேனுக்குள் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. நடந்ததைக் கவனியுங்கள். ஓடுகிறவருக்கு நண்பன் சுமைதாங்கி. அந்தச் சுமைதாங்கிக்கே பாரம் மிஞ்சியபோது, அதைத் தாங்க இன்னொரு கல்லை நட வேண்டியிருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை நாம் வீடுகளில் கேட்பதே இல்லை. அந்தக் குடும்பம் கேட்டது.

களைப்பு எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் இரண்டு பரிசோதனைகளைச் சொல்ல வேண்டும். உடல் வேறு, மனம் வேறு என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று அவை காட்டுகின்றன.

2004இல் பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சைக்கிள் வீரர்களைச் சுமார் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் மிதிக்க வைத்தார்கள். ஒரு தடவை வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். இன்னொரு தடவை இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசல். அதையும் விழுங்கவில்லை, துப்பிவிட்டார்கள். வயிற்றுக்குள் ஒரு துளி உணவு போகவில்லை. ஆனாலும் கரைசலால் கொப்பளித்த தடவை ஏறக்குறைய 3 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். உணவு வந்துகொண்டிருக்கிறது என்று நாக்கு மூளைக்குச் செய்தி சொல்ல, மூளை பிடித்துவைத்திருந்த பலத்தைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டது என்று இதை விளக்குகிறார்கள். உடலின் களஞ்சியம் காலியாகும் முன்பே மூளை பூட்டுப் போட்டுவிடுகிறது. உதவி வருகிறது என்று தெரிந்தால் பூட்டு இளகுகிறது.

2009இல் சாமுவேலே மார்கோராவும் சகாக்களும் 16 பேரை வைத்து இன்னொன்று செய்தார்கள். ஒரு நாள் 90 நிமிடம் மூளையைப் பிழியும் கணினி வேலை. அதற்குப் பிறகு தாக்குப்பிடிக்கும் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். இன்னொரு நாள் அதே நேரம் அமைதியான படம் பார்த்துவிட்டு அதே சைக்கிள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் இறங்கிவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. ஆனால் அதே மிதி, அந்த நாளில் அதிகக் கனமாகத் தெரிந்தது.

கவலையோடு படுத்த இரவுக்கு மறுநாள் தண்ணீர்க் குடம்கூட ஏன் கனக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் உடம்பில் பலம் குறைந்துவிடவில்லை. மனம் ஏற்கெனவே ஒரு குடம் சுமந்துகொண்டிருக்கிறது.

டெர்ரியின் பயணத்தில் இதை அப்படியே காணலாம். முதல் நாட்களில் சூறைக்காற்று, மழை, பனி. சாலையில் ஆளில்லை. அப்போது போர்ட் ஆ பாஸ்க் என்ற சின்ன ஊரின் 10,000 பேர் சேர்ந்து 10,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு டாலர். கனடாக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் 2.4 கோடி ஆகுமே என்ற இலக்கும் பிறகு அவருக்குள் வளர்ந்தது. கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி தெரியாமல், கார்காரர்கள் சாலையை விட்டு இறக்கிவிட, மனம் நொந்து ஓடினார். ஒன்டாரியோ எல்லை வந்ததும் பேண்டு வாத்தியம், ஆயிரக்கணக்கான மக்கள், காவல்துறை வண்டி துணைக்கு. டொரன்டோவில் 10,000 பேர் கூடினார்கள். டெர்ரஸ் பே என்ற ஊரில், அவரைப் போலவே புற்றுநோயால் காலை இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் கூடவே வந்தான். இருவரும் ஏரியில் சேர்ந்து நீந்தினார்கள். எத்தனை பெரிய ஊர் வரவேற்பு கொடுத்திருந்தாலும், அந்தப் பையன் பின்னால் வந்த மைல்கள்தான் டெர்ரிக்குப் பெரிதாக இருந்தன.

எதைத் தாங்கக் கூடாது

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டெர்ரி வழியில் மருத்துவர்களைத் தள்ளியே வைத்தார். கணுக்கால் வீங்கியது, தலை சுற்றியது, மிச்சக் காலில் கட்டிகள் வந்தன. ஓய்வெடு என்றால் கேட்கவில்லை. வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்கும் போகவில்லை. போயிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவரை நேசிக்கிற நான், இந்த ஒன்றை யாரும் அவரிடமிருந்து பழகக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இருபது நிமிட வலி வேறு. உடம்பு திரும்பத் திரும்பத் தட்டிச் சொல்லும் வலி வேறு. முதலாவதைத் தாண்டலாம். இரண்டாவதை நின்று கேட்க வேண்டும்.

“பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று நம் வீடுகளில் யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும் பெண்களிடம். மார்பில் கட்டியோடு, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்ட பெண்களை நான் அறிவேன். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு ஓர் உயிரின் மேல் ஏற்றிய கூடுதல் மூட்டை.

1980 செப்டம்பர் 1. ஒன்டாரியோவில் தண்டர் பே நகரை நெருங்கிக்கொண்டிருந்தார். இருமல் நிற்கவில்லை, நெஞ்சு வலித்தது. சாலையோரம் மக்கள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் நிற்க மனமில்லாமல் இன்னும் சில மைல் ஓடினார். மக்கள் தலை மறைந்ததும் வேனில் ஏறினார். ஆஸ்பத்திரிக்கு விடு என்று டக்கிடம் சொன்னார். நுரையீரலுக்குப் புற்று பரவியிருந்தது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். அடுத்த நாள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கண்ணீரோடு, முடிந்தால் மறுபடி வந்து முடிப்பேன் என்ற பொருளில் பேசினார். அவர் வரவில்லை. 1981 ஜூன் 28 அன்று இறந்தார். 23 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. போத்தலில் இருந்த அட்லாண்டிக் நீரை அவர் பசிபிக்கில் ஊற்றவில்லை.

அப்படியானால் அவர் தோற்றாரா? அந்த வேனில் ஏறிய கணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் வாழ்க்கையில் தாங்கியவற்றில் அதுதான் பெரிது. ஓடுவதைவிட, நிற்கிறேன் என்று சொல்வது கடினமாக இருந்த மனிதர் அவர். ஆனால் அவர் இறக்கி வைத்ததும் பாரம் தரையில் விழவில்லை. ஒரு வாரத்துக்குள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி 1.05 கோடி டாலர் திரட்டியது. 1981 பிப்ரவரியில் மொத்தம் 2.417 கோடியைத் தொட்டது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கனவை அவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் இறந்த பிறகு, அந்த செப்டம்பரில் நடந்த முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் ஓடினார்கள். 35 லட்சம் டாலர் சேர்ந்தது. அதில் முதல் பரிசு கிடையாது, கடைசி இடமும் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், சக்கர நாற்காலியில் வரலாம். இன்று வரை உலகெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. நம் சென்னையில் ஐஐடி வளாகத்து மரநிழலிலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. அவர் இறக்கி வைத்த சுமையை லட்சம் லட்சமாகத் தலைகள் ஏற்றுக்கொண்டு நடக்கின்றன.

அந்த இரண்டு மணி நேரம்

என் அப்பா பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். அம்மாதான் எல்லாம். புரட்டிப்போடுவது, துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், “மகராசி, கல்லு மாதிரி நிக்கிறா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் ஒரு ராத்திரி நான் ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, “ரெண்டு நாளு நீ பாத்துக்கறியாடா? நான் தூங்கணும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எத்தனை மாதம் தயங்கியிருப்பார் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அதன் பிறகு ஏற்பாடுகள் மாறின. வாரக் கடைசி எனக்கு. வெள்ளிக்கிழமை தம்பி மனைவிக்கு. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் எதிர்வீட்டு அத்தை வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுவார். அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். வேலை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் அம்மா முகம் மாறியது. மத்தியானம் வரும் என்று தெரிந்திருந்தால் காலையைத் தாங்க முடிகிறது. நாக்கில் பட்ட மாவுச்சத்து போல, ஒரு மைல் தள்ளி நிற்கும் வேன் போல. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவே சொன்னார்: “அந்த ரெண்டு மணி நேரந்தாண்டா என்னையத் தாங்குச்சு.”

தமிழில் “தாங்கு” என்ற சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. வலியைத் தாங்குகிறோம், விழப்போகிறவரையும் தாங்குகிறோம். பாரம் சுமக்கிறவருக்கும் பாரம் வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரே வினை. இந்த மொழியைப் பேசியவர்கள் இரண்டையும் தனித்தனியாக நினைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் யாரைக் கல் மாதிரி நிற்கிறார் என்று புகழ்கிறீர்களோ, இந்த வாரம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் கேளுங்கள்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வண்டிப்பாதை தார்ச்சாலையாகிவிட்டது. அகலப்படுத்தியவர்கள் சுமைதாங்கியைப் பிடுங்காமல் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு புல்லுக்கட்டு அதன்மேல் இருந்தது. கட்டுக்காரப் பெண் கல்லில் சாய்ந்து செல்பேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, செல்பேசியை இடுப்பில் செருகி, சும்மாட்டைச் சரிசெய்து தலையைக் கொடுத்தார். கட்டு ஏறிக்கொண்டது. நடந்தார்.

(தொடரும்)